பழைய பெயர்களை ஒரு பதிப்பாவது விட்டுவையுங்கள்

லினக்ஸின் பிளாஸ்மா மேசைச்சூழலில் சாளரங்களை நிர்வகிக்கும் கேவின் (KWin) நிரலின் உருவாக்குநர்களுக்கு வணக்கம்.

2023 பிப்ரவரியில் பிளாஸ்மா 5.27 வந்தபோது, மெட்டா (விண்டோஸ்) விசையோடு டி-யை அழுத்தித் திரையைக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளலாம், ஷிஃப்டைப் பிடித்தபடி சாளரத்தை இழுத்து ஒரு கட்டத்தில் விடலாம் என்று கொடுத்தீர்கள். நல்ல வசதி. இது சாளரங்களைத் தானாகவே கட்டங்களில் அடுக்கும் முழுமையான டைலிங் மேலாளருக்கு மாற்று இல்லை, அது வேண்டுமென்கிற ஸ்கிரிப்ட்களுக்கு, அதாவது பயனர்கள் எழுதிச் சேர்க்கும் சிறு நிரல்களுக்கு, புதிய ஏபிஐ (ஸ்கிரிப்ட்கள் கேவினை அழைக்கும் பெயர்களின் தொகுப்பு) உதவும் என்றும் அப்போதே சொல்லிவிட்டீர்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் பொலோனியம் போன்ற ஸ்கிரிப்ட்கள் உங்கள் கட்டங்களின் மேலேயே கட்டப்பட்டன.

ஓராண்டுதான். 2024 பிப்ரவரியில் பிளாஸ்மா 6 வந்தது, ஏபிஐ-யில் கிளையண்ட்லிஸ்ட் விண்டோலிஸ்ட் ஆனது, கிளையண்ட்ஆடட் விண்டோஆடட் ஆனது, ஆக்டிவ்கிளையண்ட்டும் ஆக்டிவ்விண்டோ ஆகிவிட்டது. பழைய பெயர்களை அழைத்த ஸ்கிரிப்ட்கள் வேலை செய்யாமல் போயின. புதிய பெயர்கள்தான் பொருத்தம், அதில் எனக்குச் சண்டையே இல்லை. பழைய பெயரை ஏன் ஒரு பதிப்புக்காவது கூடவே வைத்திருக்கக் கூடாது என்பதுதான் கேள்வி.

ஏனென்றால் அடி வாங்குவது ஸ்கிரிப்ட் எழுதியவர் மட்டும் இல்லை. மணிக்கட்டு வலியால் மவுஸைப் பிடிக்க முடியாத ஒருவரை நினைத்துப் பாருங்கள். சாளரம் திறந்ததும் தானாகக் கட்டத்தில் போய் உட்கார வேண்டும், மீதியை விசைப்பலகையிலேயே முடிக்க வேண்டும், அதற்காகத்தான் அவர் ஸ்கிரிப்ட் போட்டிருக்கிறார். மேம்படுத்திவிட்டு உள்ளே நுழைந்தால் எல்லாச் சாளரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அமைப்புகளில் போய்ப் பார்த்தால் ஸ்கிரிப்டுக்கு நேரே டிக் அப்படியே இருக்கிறது. பிழை என்னவோ கணினியின் பதிவேடான சிஸ்டம் ஜர்னலில் ஒரு வரியாகப் போய்விட்டது, திரையில் எதுவும் வரவில்லை. அவருக்கு மிச்சமிருப்பது ஷிஃப்டைப் பிடித்து இழுப்பதுதான், அதாவது எது அவரால் முடியாதோ அதேதான்.

திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய முறையான எக்ஸ்11-இல் பிடிக்கவில்லையென்றால் கேவினை எடுத்துவிட்டு ஐ3 என்ற வேறொரு சாளர மேலாளரை வைத்துக்கொண்டு பிளாஸ்மாவை ஓட்டினார்கள். அதற்கு மாற்றாக வந்த வேலண்டில், சாளரங்களைச் சேர்த்துத் திரையில் காட்டும் கம்போசிட்டரே கேவின்தான், கழற்றி மாற்ற முடியாது. பிளாஸ்மா 6-இல் வேலண்டை இயல்புநிலையாக்கியதும் நீங்கள்தான். வேறு கதவு இல்லாத வீட்டில் இருக்கிற ஒரே கதவின் பூட்டைச் சொல்லாமல் மாற்றலாமா?

2025 ஜூனில் பிளாஸ்மா 6.4 ஒவ்வொரு மெய்நிகர் மேசைக்கும் தனிக் கட்டமைப்பைத் தந்தது. வெகுநாள் காத்திருந்த வசதி, நன்றி. ஆனால் ஒரு திரைக்கு ஒரே அமைப்பு என்று நினைத்து எழுதிய நிரலுக்கு அதுவும் புதிய வேலை. பிஸ்மத் என்ற டைலிங் ஸ்கிரிப்ட் நின்றுபோனது. அதே போன்ற க்ரோன்கைட்டை வேறு கைகள் எடுத்துத் தொடர்ந்ததால்தான் அது பிளாஸ்மா 6-க்கு வந்து சேர்ந்தது. இவர்களெல்லாம் சம்பளம் வாங்காமல் ராத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள். உங்களிலும் பலர் அப்படித்தான், அதனால் அந்த நேரத்தின் அருமை உங்களுக்கே தெரியும். கட்டற்ற மென்பொருள் உலகம் முழுக்க இந்தப் பழக்கம் இருக்கிறது: மையத்தில் இருப்பவர்களின் வசதிக்காக ஒரு வரி மாறும், ஓரத்தில் இருப்பவர்கள் நாள்கணக்கில் அதைத் துரத்த வேண்டும். எனக்கு இது கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ஏபிஐ-யில் ஒரு பெயரை எடுப்பதற்கு முன் அடுத்த ஒரு பதிப்புக்காவது பழையதும் வேலை செய்யட்டும், எச்சரிக்கையோடு. ஸ்கிரிப்ட் விழுந்தால் அந்த டிக்குக்குப் பக்கத்திலேயே காரணம் தெரியட்டும். இந்த இரண்டையும் அடுத்த வெளியீட்டுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
கேவின் ஸ்கிரிப்ட்களை நம்பி வேலை செய்யும் ஒரு பயனர்