மலையேறும் ஜீப்புகளில் பவர் ஏற்றாதீர்கள்: ஒரு திறந்த மடல்

போடி, தேவாரம், கம்பம் வட்டாரத்தில் ஜீப்பும் பிக்கப்பும் வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கும், அவற்றுக்கு ரீமேப் செய்து, அதாவது பவரைக் கூட்ட இன்ஜினின் மென்பொருளை மாற்றித் தரும் பட்டறைக்காரர்களுக்கும் வணக்கம்.

சொந்தக் காரில் ஆசைக்காகப் பவர் ஏற்றிக்கொள்பவர்களைப் பற்றி எழுத நான் வரவில்லை. கேரளத்தில் பூப்பாறை, சாந்தான்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன் கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் வண்டிகளிலும் இந்த வேலை நடக்கத் தொடங்கியிருப்பதால் எழுதுகிறேன். டீசல் பம்ப்பும் இன்ஜெக்டரும் பழுதுபார்த்தே பிழைத்தவன் என்ற உரிமையில் உங்களிடம் ஒன்றைக் கேட்கிறேன்: ஆள் ஏற்றும் வண்டியின் இன்ஜினில் கம்பெனி வைத்த அளவுக்கு மேல் கை வைக்காதீர்கள்.

இன்ஜினுக்குள் டீசலைக் கூட்டுவது எளிது. பழைய ஜீப் என்றால் பம்ப் ஸ்க்ரூவைத் திருப்பினால் போதும். புதிய வண்டி என்றால் லேப்டாப்பைச் செருகினால் போதும். ஆனால் ஒரு கிலோ டீசல் முழுதாக எரியக் கணக்குப்படியே ஏறத்தாழ பதினான்கரைக் கிலோ காற்று வேண்டும். சிலிண்டருக்குள் டீசலும் காற்றும் ஒருபோதும் சீராகக் கலப்பதில்லை என்பதால், புகையில்லாமல் எரிய அதைவிடக் கணிசமாகக் கூடுதல் காற்று தேவைப்படுகிறது. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சுழலி) இல்லாத இன்ஜின் தன் சிலிண்டர் கொள்ளும் காற்றுக்கு மேல் இழுக்க முடியாது. அதில் ஸ்க்ரூவைத் திருப்பினால் சிறிதளவு இழுவை கூடும். அதற்கு மேல் ஊற்றும் டீசல் கரும்புகையாகவும் வெப்பமாகவும் போகும்.

டர்போ உள்ள வண்டியில் காற்றையும் கூட்டலாம் என்பதால், எல்லையே இல்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அங்கேதான் நம் மலை குறுக்கே நிற்கிறது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 14 சதவீதம் குறைவு. மெலிந்த காற்றிலிருந்து அதே அழுத்தத்தை எடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழன்றாக வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் பொருள் அது. கம்பெனி மென்பொருள் வெளிக்காற்றின் அழுத்தத்தை அளந்து, உயரம் ஏற ஏற டீசலையும் பூஸ்ட்டையும் (டர்போ தரும் காற்றழுத்தம்) குறைத்து டர்போவைக் காப்பாற்றுகிறது. சமவெளியில் சோதித்துப் பார்த்த ஒரு ரீமேப் ஃபைலை ஏற்றும்போது, இந்தக் காவலைத் தளர்த்தியிருக்கிறார்களா என்பதைப் போடியில் யார் பார்த்துச் சொல்கிறார்கள்? அதிகப் பூஸ்ட், அதிக டீசல், குறைந்த வேகம், முழுச் சுமை ஆகிய நான்கும் ஏற்றத்தில்தான் ஒன்றாகச் சேரும். ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று மிகக் குறைவாகக் கிடைக்கும் இடமும் அதுவே. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. உருகுவதற்கு வெகுமுன்பே வெப்பத்தில் வலுவிழந்துவிடும். ஹெட் கேஸ்கட்டும் கிளட்ச் பிளேட்டும் தாங்கும் சுமை, லேப்டாப்பில் எண்ணை மாற்றியதால் கூடிவிடுவதில்லை.

கம்பெனி ஒளித்துவைத்த பவரை நாங்கள் வெளியே எடுத்துத் தருகிறோம் என்று சில பட்டறைகளில் சொல்கிறார்கள். அடைத்த ஏர் ஃபில்டர், மோசமான டீசல், தள்ளிப்போட்ட ஆயில் மாற்றம், சித்திரை வெயில், அளவுக்கு மீறிய சுமை எல்லாவற்றையும் தாங்குவதற்காக விட்ட இடைவெளி அது. இந்த ஐந்தும் நம் ஜீப்புகளில் ஒரே நாளில் கூடுவது உங்களுக்கே தெரியும்.

இவ்வளவு பவர் உண்மையில் தேவையா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்களோடு சேர்த்து 2,500 கிலோ எடையுள்ள ஒரு ஜீப், நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்குச் சக்கரத்தில் ஏறக்குறைய 20 குதிரைத்திறன் போதும். முந்தல் தாண்டிப் போடிமெட்டு வரையுள்ள 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஆள் நிறைந்த வண்டியை அதைவிட வேகமாக ஓட்ட நினைப்பதே தவறு. ஆரோக்கியமான பழைய இன்ஜினிடமே இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் திறன் இருக்கிறது. உங்கள் வண்டி திணறுகிறது என்றால், இருந்த பவர் எங்கே போயிற்று என்று தேடுங்கள். இன்ஜெக்டரை டெஸ்ட் பெஞ்ச்சில் போட்டுப் பாருங்கள். டர்போ ஹோஸில் கசிவு இருக்கிறதா, வால்வு கிளியரன்ஸ் சரியா, ரேடியேட்டரில் உப்புப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ரீமேப்புக்குக் கேட்கும் பணத்தில் இதில் பெரும்பகுதியை முடித்துவிடலாம்.

நான் அதிகம் அஞ்சுவது இறக்கத்தைப் பற்றித்தான். அதே 2,500 கிலோ வண்டி ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளியேற்ற வேண்டிய ஆற்றல், 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இன்ஜின் பிரேக்கும் உராய்வும் எடுத்துக்கொண்டது போக, மிச்சம் முழுவதும் பிரேக் டிரம்மிலும் லைனிங்கிலும்தான் இறங்கும். பவர் ஏற்றிய வண்டி ஒவ்வொரு வளைவுக்கும் முன்பைவிட வேகமாக வந்து சேர்கிறது; அதை நிறுத்தும் பிரேக் பழைய பிரேக்காகவே இருக்கிறது. பின்னால் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் இதை யாரும் கேட்டுச் செய்வதில்லை.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழிசெய்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியைக் கழற்றிப் போடுவது இன்னும் மோசம். அந்தக் கரி தோட்டத்துப் பாதையில் நடப்பவர்களின் நுரையீரலுக்குத்தான் போகிறது.

பட்டறை நடத்தும் தம்பிகளே, உங்கள் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆள் ஏற்றும் வண்டி வந்தால் முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். மற்ற வண்டிகளுக்குச் செய்தே தீர வேண்டுமென்றால், வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில் (வண்டியின் பவரை அளக்கும் கருவி), ஒரே நாளில் அளந்த தாளைக் கையில் கொடுங்கள். பழைய ஃபைலைப் பத்திரமாக வைத்திருங்கள். செய்ததைப் பில்லில் எழுதிக் கொடுங்கள். உரிமையாளர்களே, ஏற்கெனவே ரீமேப் செய்த ஆள் வண்டி உங்களிடம் இருந்தால், அடுத்த காய் எடுப்புக்கு ஆள் ஏற்றுவதற்கு முன் அதைப் பழைய நிலைக்கு மாற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக் லைனிங்கையும் கழற்றிப் பாருங்கள்.

இப்படிக்கு,
போடியிலிருந்து ஒரு டீசல் பம்ப் மெக்கானிக்