படுகளமும் பழிவாங்கும் படமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'கில் பில்' (2003) மாதிரி ஹாலிவுட் பழிவாங்கும் படங்கள் வன்முறையைத் தூண்டுவதாகப் பலரும் குறைபடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதில் கை வெட்டுப்பட்டால் ரத்தம் நீரூற்றாய்ப் பீறிடும். சண்டை நடுவே படமே கறுப்பு வெள்ளையாகிவிடும். நிஜமல்ல என்று அதன் இயக்குநர் டாரன்டினோ சொல்லிக்கொண்டே இருக்கிறார். நாயகியின் ஆத்திரத்தை மட்டும் நம்பவைக்கிறார்.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில், பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளத்தில், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் தொடையில் பீமன் அடிப்பான். பாஞ்சாலி அங்கே ரத்தமாகக் காட்டும் சிவப்பைத் தொட்டுக் கூந்தல் முடிப்பாள். கைக்குழந்தையோடு பெண்கள் நின்று பார்ப்பார்கள் (வெயில்தான் தாங்காது). பார்த்துவிட்டு யாரும் கதாயுதம் தூக்கியதில்லை.

அடிதடியை அச்சு அசலாகக் காட்டி, அடிப்பவனுக்குக் கைதட்டல் வாங்கித்தரும் நம்மூர்ப் படங்கள்தான் எனக்குப் பயம். அவற்றுக்குத்தான் குடும்பத்தோடு போகிறோம்.

- வாசகர், பென்னாகரம், தருமபுரி மாவட்டம்