போர் வேண்டாம், சொக்கு

தேவகோட்டைப் பக்கம்,
ஆவணி 20

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் டிராக்டர்காரர் வந்து நிற்பார். நேற்றுதான் மேற்கு வயலில் புழுதி விதைப்பை முடித்தேன். பொட்டு ஈரமில்லாத மண்ணில் நெல்லைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறோம் என்றால் உன் பேரன் சிரிப்பான். நமக்கு வேறு வழி ஏது? புரட்டாசியில் ஒரு மழை விழுந்தால் முளைத்துக்கொள்ளும், ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். இந்த வருஷமும் அண்ணா 4 தான். பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் 2009-ல் கொடுத்த ரகம். நூறு நாள் சொச்சத்தில் அறுத்துவிடலாம். அப்பா போட்ட ஆறு மாத நெல்லை இப்போது போட்டால் கதிர் வரும் நேரத்தில் கண்மாய் காய்ந்து கிடக்கும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஆத்தா பெயரில் ஊருக்கு ஒரு போர்க்கிணறு போட்டுத் தருகிறேன் என்று எழுதியிருந்தாய். நல்ல மனசு. ஆனால் போர் வேண்டாம் சொக்கு.

2016-ல் ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்து, அடுத்த ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி என்று அறிவித்து, நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் கொடுத்தார்களே, அந்தக் கோடையில் நானும் ஒரு போர் போட்டேன். தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வயலைச் சுற்றி வந்தவர் இடம் குறித்துக் கொடுத்தார். தண்ணீரும் வந்தது. வாயில் வைத்தால் கரிப்பு, அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. மாட்டுக்காவது ஆகும் என்று இறைத்தேன். இரண்டாம் வருஷம் மோட்டார் காற்றைத்தான் இழுத்தது. பக்கத்துக் கிணற்றுக்காரர் என்னோடு பேச்சை நிறுத்தியதுதான் மிச்சம். வீட்டுக்காரியின் சங்கிலியை மீட்க மூன்று வருஷம் ஆயிற்று.

போன கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. தெருவெல்லாம் ஓடுகிறது, ஊருணியில் முழங்கால் தண்ணீர்கூடச் சேரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பிடித்து மேற்கே நடந்தேன். முதல் கால் மைல் சீமைக்கருவேலம். 2017-ல் உயர் நீதிமன்றம் சொல்லிப் பிடுங்கினார்கள் இல்லையா, தூரை விட்டுவிட்டு வெட்டிய இடமெல்லாம் இரண்டு மடங்காகத் தழைத்திருக்கிறது. (மழை இல்லாத வருஷம் அதைக் கரிமூட்டம் போட்டுத்தான் நாலு குடும்பம் அடுப்பெரிக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.) அப்புறம் புது ரோடு. ரோட்டுக்கு அடியில் போட்ட குழாயின் வாய் வரத்துக்கால் தரையைவிட ஒரு முழம் உயரத்தில் இருக்கிறது! அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீர் தேங்கி, ஏற வழியில்லாமல் தெற்கே பொட்டலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு தவளைகூட இல்லை. அங்கேயே ரொம்ப நேரம் நின்றேன். மழை இல்லை மழை இல்லை என்று நாம் புலம்பியதில் பாதி இந்தக் குழாய்தான்.

நூறு நாள் வேலையில் வருஷா வருஷம் ஊருணிக்குள்தான் மண் அள்ளுகிறார்கள். அள்ளினால் குழி கண்ணுக்குத் தெரியும், பலகை வைக்கலாம். வரத்துக்காலை வெட்டப் போனால் நாலு பேர் வேலியோடு சண்டை வரும், அதனால் யாரும் போவதில்லை. போன தடவை ஜேசிபி வைத்து ஆழமாகத் தோண்டியதில் அடியில் இறுகிக் கிடந்த களிமண்ணையும் பிய்த்துவிட்டார்கள். இப்போது நிற்கிற தண்ணீரும் மாசி வரை தாங்குவதில்லை. நம் பிள்ளைப்பருவத்தில் சித்திரையிலும் அந்தச் செம்புராங்கல் படியில் உட்கார்ந்து குடம் முக்கினார்களே.

உங்கள் வீட்டு முற்றம் ஞாபகம் இருக்கிறதா? நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் உள்ளே கொட்டும், ஆயா அண்டா அண்டாவாகப் பிடித்து வைப்பார். மிச்சம் கல் கால்வாய் வழியாகத் தெருவுக்குப் போய் ஊருணியில் விழும். அந்தக் கால்வாயை வாசலில் சிமெண்டு போட்டு மூடியிருக்கிறது. போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது நடந்த வேலை, உனக்குத் தெரிந்திருக்காது. முதலில் அதை உடைக்கச் சொல்.

போருக்கு வைத்த பணத்தில் பாதி போதும். ஜேசிபி நாலு நாள், ரோட்டுக் குழாயை இறக்கிப் போடும் செலவு. குழாய்க்கு மனுக் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது, ஊராட்சித் தலைவரும் நானும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம். அனுமதி வந்துவிட்டால் காசில்லை என்று நிற்கக்கூடாது.

இன்னொன்று காசால் ஆகாது. உங்கள் பங்காளி ஒருவர் தோப்புக்குச் சுவர் எழுப்பினார் இல்லையா, அது வரத்துக்காலுக்குள் எட்டடி வந்திருக்கிறது. நான் போய்ச் சொன்னால் 'உனக்கென்ன' என்பார். உன் பேச்சைத் தட்டமாட்டார். முன்னோர் படைப்புக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதே, அதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும். புரட்டாசி பத்துக்குள் ஒரு நடை வந்து போ. சர்க்கரை இருக்கிறது என்று பலகாரம் வேண்டாம் என்பாய், கருப்பட்டிப் பணியாரத்துக்கு மட்டும் வீட்டில் அனுமதி வாங்கி வை.

அன்புடன்,
முத்தையா