சங்கத்து நோட்டு

திருச்சி,
அக்டோபர் 9

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் "நல்லா இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். மூன்று வாரமாக அதுவும் இல்லை. வேலை இருக்கும், தெரியும். கடிதம் என்றால் வேனில் காத்துக் கிடக்கும்போது படிக்கலாம், பாதியில் மடித்து வைக்கலாம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இங்கே எல்லோரும் சுகம். அக்காவின் சின்னது நடக்க ஆரம்பித்துவிட்டது. பட்டறைக் கூரை மழைக்கு ஒழுகுகிறது, அப்பாவின் இழைப்புளிகளை மட்டும் உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். என் முட்டிவலி அப்படியேதான்.

போன மாதம் கும்பகோணத்தில் ஒரு பெரியவரின் உடலை இறக்கிவிட்டுத் திரும்பும்போது டிரைவர் தம்பி வீட்டுக்கு வந்தான். இட்லி சாப்பிடச் சொன்னேன். வாசலில் நின்ற புது வேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஏசி, உறவுக்காரர்கள் உட்கார இரண்டு பக்கமும் சீட், பெட்டி ஏறி இறங்க உருளை. உன் அப்பா சைக்கிள் கேரியரில் பலகை கட்டிக்கொண்டு வந்த தெருவில் உன் வண்டி நிற்கிறது. அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

லோன் போடாமல் முழுப் பணமும் கட்டி எடுத்த வண்டி என்று அந்தத் தம்பி பெருமையாகச் சொன்னான். நல்லது. மாதாமாதம் வட்டி கட்ட வேண்டியதில்லை. நல்லதுதான்.

நீ இந்தத் தொழிலுக்கு வந்தபோது நான் அழுதேன், உனக்கு ஞாபகம் இருக்கும். இஞ்சினியருக்குப் படித்துவிட்டு ஐஸ் பெட்டி தூக்கவா என்று கேட்டேன். இப்போது அப்படிக் கேட்க மாட்டேன். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இறந்துபோனாரே, வீட்டுச் சொந்தக்காரர் உடலை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று கேட்டைப் பூட்டிவிட்டாரே. அந்த அம்மாள் விடியும்வரை தெருவில் வேனுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் என்று நீ சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சென்னையில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், ஃப்ரீசர் பெட்டி லிஃப்டில் நுழையாத அடுக்குமாடிக்காரர்களுக்கும் செத்த பிறகு ஓர் இரவு தங்க இடமில்லை. அதைப் பார்த்துத்தானே நீ அந்தப் பழைய குடோனை வாடகைக்கு எடுத்து, வெள்ளையடித்து, ஃபேன் மாட்டி, துக்கம் கேட்க வருகிறவர்கள் உட்கார ஹால் ஆக்கினாய். ஊரில் இத்தனை பேர் இந்தத் தொழிலில் இருந்தும் யாருக்கும் தோன்றாதது உனக்குத் தோன்றியது. அந்த ஹால்தான் உன் தொழில் தம்பி. அதை விட்டுவிடாதே.

எரிப்பதில் உனக்கு வருமானம் கிடையாது. சென்னையில் மாநகராட்சி மயானங்களில் எரிக்கக் கட்டணமே இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் இறந்தால் 155377க்குப் போன் செய்தால் அமரர் ஊர்தி இலவசமாக வீட்டில் கொண்டுவந்து விடும். இலவசத்தோடு நீ போட்டி போட முடியாது, போடவும் கூடாது. கல்லறைக்கு இடம் வாங்கித் தருகிறேன் என்றும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. கீழ்ப்பாக்கத்தில் குடும்பக் கல்லறை இல்லாதவர்களுக்கு இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். உன்னிடம் வருகிறவர்களுக்கு வேண்டியது இந்த நாலைந்து காரியம்தான்: ராத்திரி இரண்டு மணிக்குப் போனை எடுக்க ஓர் ஆள், அரை மணி நேரத்தில் பெட்டி, கரண்டு போனால் ஜெனரேட்டர், டாக்டர் சான்றும் மயானச் சீட்டும் வாங்க யார் யாரிடம் போக வேண்டும் என்று தெரிந்தவன், அமெரிக்காவில் இருக்கும் மகன் வந்து சேரும்வரை உடலை மரியாதையாக வைத்திருக்க இடம். இதை ஒழுங்காகச் செய்தாலே போதும்.

மார்ச்சுவரி வாசலில் நிற்கிறவர்களுக்குக் கமிஷன் கொடுக்காதே. கொடுக்கிற கமிஷனைக் கடைசியில் அழுதுகொண்டிருக்கிறவர்கள் தலையில்தான் ஏற்றுவாய். அமெரிக்காவில் 1984லிருந்து சட்டம் இருக்கிறது, பெட்டிக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு என்று தனித்தனியாக விலை எழுதிய தாளைக் கையில் கொடுத்தாக வேண்டும், போனில் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்று நீதான் எனக்குச் சொன்னாய். நீயும் அப்படி ஒரு தாள் அச்சடித்தாய். ஐஸ் பெட்டி மட்டும் போதும் என்கிறவரிடம் பூ அலங்காரத்தையும் சேர்த்து விற்காதே. சாவு வீட்டில் யாரும் பேரம் பேச மாட்டார்கள். அதனால் நாம்தான் அவர்களுக்காகவும் யோசிக்க வேண்டும்.

சரி, அந்த முன்பணத் திட்டத்துக்கு வருகிறேன்.

2022 நவம்பரில் டில்லி வணிகக் கண்காட்சியில் மும்பைக் கம்பெனி ஒன்று பாடையை வைத்து ஸ்டால் போட்டிருந்ததே, உறுப்பினராகச் சேர 37,500 ரூபாய் என்று. அந்தப் படத்தை நீ எனக்கு அனுப்பி, "அம்மா, நாமும் செய்யலாம்" என்றாய். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே தங்கள் இறுதிக் காரியத்துக்குப் பணம் கட்டிவிட்டால் நிம்மதியாக இருப்பார்கள் என்றாய். அது உண்மை. என் வயசுக்காரர்களின் பயம் எனக்குத் தெரியும். சாவுக்கு அவ்வளவாகப் பயமில்லை. செத்த பிறகு யாருக்குப் பாரமாவோமோ என்றுதான் பயம். 96 பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று ஜூன் மாதம் சொன்னாய். ஆளுக்கு 45,000. காலண்டர் தாளின் பின்னால் பெருக்கிப் பார்த்தேன். 43,20,000 வந்தது. இரண்டு தடவை பெருக்கினேன்.

அந்தப் பணம் தனியாக இருக்கட்டும் தம்பி. தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. ஒருவர் இறந்தால் அவர் பங்கை மட்டும் எடு. நீ எப்படி வைத்திருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. தனியாக வை என்று மட்டும் சொல்கிறேன்.

2001இல் நாம் முதல் ஐஸ் பெட்டி வாங்கியபோது ஒரு நாள் வாடகை 500 ரூபாய். இப்போது நீ 3,500 வாங்குகிறாய். இன்றைக்கு 45,000 கட்டிய அம்மாள் பதினைந்து வருஷம் கழித்துப் போனால், அன்றைய விலைக்கு ஆள் கூலி, டீசல், பூ எல்லாம் நீதான் போட வேண்டும். அந்த வித்தியாசத்தை அடைக்கத்தான் வட்டி. பணம் கணக்கில் இருந்தால்தானே வட்டி வரும்? கையில் வந்ததும் லாபம் மாதிரித் தெரியும். லாபம் இல்லை, கடன்.

இன்னொன்று. வேறு எந்தத் தொழிலிலும் சரக்கு சரியில்லை என்றால் வாங்கியவர் கடைக்கு வந்து சத்தம் போடுவார். உன்னிடம் பணம் கட்டியவர் வந்து கேட்க மாட்டார். அப்படி ஒரு சீட்டு இருப்பதே அவர் பிள்ளைக்குத் தெரியாமல் போகலாம். பிள்ளைகளுக்கும் ஒரு நகல் அனுப்பிவிடு.

லண்டனில் இருக்கும் சித்தி மகள் சொன்னாள். அங்கே இந்த மாதிரித் திட்டம் விற்ற ஒரு கம்பெனி 2022 மார்ச்சில் கவிழ்ந்துவிட்டதாம். பணம் கட்டியிருந்தவர்கள் சுமார் 46,000 பேர், எல்லாம் வயசானவர்கள். அதே வருஷம் ஜூலை 29லிருந்துதான் அங்கே இதையெல்லாம் அரசாங்கத்தின் நிதிக் கண்காணிப்பில் கொண்டுவந்தார்கள். இப்போது அனுமதி இல்லாமல் விற்க முடியாது. பணம் டிரஸ்டிலோ இன்சூரன்ஸிலோதான் இருக்க வேண்டும், கம்பெனி தன் செலவுக்குத் தொட முடியாது. நம் ஊரும் ஃபைனான்ஸ் கம்பெனிகளைப் பார்த்த ஊர்தான். எத்தனை பேர் ரிட்டையர்மென்ட் பணத்தைத் தொலைத்த பிறகு 1997இல் இங்கே டெபாசிட்காரர்களுக்காக ஒரு சட்டம் வந்தது! கட்டாயப்படுத்த ஆள் இல்லை என்றால் நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். தனியாக வை.

உன்னைச் சந்தேகப்படுகிறேன் என்று நினைக்காதே. நீ திருடுகிறவன் இல்லை. மூன்று மாதத்தில் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்து எடுக்கிறவர்களும் திருடுகிறவர்கள் இல்லை. எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்திருக்கிறேன் போலிருக்கிறது.

சங்கத்து நோட்டு என்னிடம்தான் இருந்தது. 140 வீடு, மாதம் பத்து ரூபாய். வீட்டில் யாராவது இறந்தால் பெட்டி, வண்டி, குழிக்கூலி, கையில் 3,000 ரூபாய். பொருளாளர் என்று பெயர் அப்பாவுக்கு. வசூல், நோட்டு, பாஸ்புக் எல்லாம் நான். வெள்ளைச் செக்கில் அப்பா கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிடுவார்.

2007 ஜூனில் உன் காலேஜுக்கும் ஹாஸ்டலுக்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது. நகைக் கடன் கேட்டிருந்தோம், வரவில்லை. சங்கத்திலிருந்து 42,000 எடுத்தேன். நான் எடுத்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. பெரியத்தை கொடுத்தார்கள் என்று பொய் சொன்னேன். தீபாவளிக்குள் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அது வரைக்கும் அத்தனை சாவு வராது என்று கணக்குப் போட்டேன். வராது என்று ஜெபமும் செய்தேன் தம்பி. என்ன ஜெபம் அது!

ஐப்பசி மழையில் பத்து நாளில் மூன்று சாவு. மூன்றாவது தையல்காரர் மனைவி. சனிக்கிழமை ராத்திரி அவர் நனைந்துகொண்டு வந்து வாசலில் நின்றார். கணக்கில் 1,100 ரூபாய் இருந்தது. பட்டறையில் பலகை இல்லை, வாங்கப் பணமில்லை. அன்றைக்குத்தான் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஏணி போட்டுப் பரண் மேல் ஏறி, அந்தப் பலகைகளைப் பெயர்த்து எடுத்து, விடியும்வரை இழைத்தார். பெட்டி ஆயிற்று. கையில் கொடுக்க வேண்டிய 3,000 இல்லை. தையல்காரர் வட்டிக்கு வாங்கித்தான் அடக்கம் செய்தார்.

அடுத்த வாரம் கூட்டத்தில் அப்பா எழுந்து, "நான்தான் எடுத்தேன்" என்றார். அவ்வளவுதான் பேசினார். குடித்துத் தீர்த்துவிட்டார் என்று ஊர் பேசியது. உனக்கும் அப்படித்தான் யாரோ சொல்லியிருக்கிறார்கள். லீவுக்கு வந்தால் நீ அவர் உட்காரும் இடத்தில் உட்காராமல் எழுந்து போவாய். இரண்டு வருஷம் பேசவில்லை. 2013இல் அப்பாவின் பெட்டியைத் தூக்கும்போது உன் கண்ணில் ஈரமில்லை, நான் பார்த்தேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நீ என்னிடமும் பேசாமல் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். உன் படிப்புக்காகத்தான் எடுத்தேன் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். அதை உன் மேல் போட எனக்கு உரிமை இல்லை. பெட்டிகளுக்கு உள்துணியும் லேஸும் தைத்துக் கொடுத்து 2012க்குள் முழுப் பணத்தையும் சங்கத்தில் கட்டினேன். கடைசி ரசீதை அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு பைபிளுக்குள் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

தையல்காரர் இருக்கிறார். கண் சரியாகத் தெரியவில்லை. பூசைக்குப் போகும்போது என்னைப் பார்த்தால், "பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்பார். அவரிடமும் நான் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். முந்தின நாளே வந்துவிடு, அப்பா கல்லறைக்கு வெள்ளையடிக்க வேண்டும், சுண்ணாம்பு வாங்கி ஊறப்போட்டுவிடுகிறேன். வரும்போது அந்த 96 பேர் நோட்டை எடுத்து வா. போஸ்ட் ஆபீஸில் என் பேரில் 2,85,000 இருக்கிறது. அக்காவிடம் பேசிவிட்டேன், அவளுக்கு மனவருத்தம் இல்லை. போதாது என்று தெரியும். எத்தனை பேருக்குக் காணுமோ அத்தனை பேருக்கு முதலில் வைப்போம், வயசில் மூத்தவர்களாகப் பார்த்து. மீதிக்கு வேன் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

பி.கு. டிரைவர் தம்பியைத் திட்டாதே. அவன் நல்லதாகத்தான் சொன்னான்.