கொரியர்களுக்கு அளவெடுத்த வியட்நாம் பயணம் நமக்குப் பொருந்துமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கினால் புதுச்சேரி நேரு வீதியிலும் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் 'வியட்நாம் 4 இரவு 5 பகல்' என்ற பதாகைகளைப் பார்க்கலாம். நோட்டீஸை வாங்கிப் படித்தால் நிறுவனத்தின் பெயர்தான் மாறும், பயண நிரல் மாறாது. மத்திய வியட்நாமின் டா நாங் நகருக்கு வந்து சேருதல், பா நா மலையில் தங்கப் பாலம், தென்னந்தோப்புக் கால்வாயில் கூடைப் படகு, ஹோய் ஆனில் இரவு விளக்குகள், இரண்டு மூன்று கடைகள், ஊர் திரும்புதல். வியட்நாம் குழுப் பயணங்களுக்கு நிரல் போட்டுக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட நாங்கள் சிலர் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். இங்கே விற்கப்படும் இந்த நிரல் தென் கொரியப் பயணிகளுக்காக உருவானது. அதை அப்படியே எடுத்து நம் மக்களுக்கு விற்பதால் பணமும் நாளும் வீணாகின்றன. அதைவிட, நாம் அங்கே பார்த்தே ஆக வேண்டியவை விட்டுப்போகின்றன.

2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வியட்நாமுக்கு வந்த வெளிநாட்டவரில் முதலிடம் கொரியர்களுக்கே. 2024இல் மட்டும் 45 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அதே ஆண்டில் இந்தியர்கள் சுமார் 5 லட்சம். எனவே டா நாங்கில் உள்ள பேருந்து, ஓட்டல், உணவகம், கடை எல்லாமே கொரியக் குழுவின் கடிகாரப்படி ஓடுகின்றன. சியோலுக்குப் பக்கத்து இஞ்சியோன் விமான நிலையத்திலிருந்து டா நாங்குக்கு நாலரை முதல் ஐந்து மணி நேரம். மாலையில் ஏறினால் நள்ளிரவுக்குள் ஓட்டல் அறையில் படுத்துவிடலாம். மூன்று இரவு ஓட்டலில், நான்காம் இரவு விமானத்தில், ஐந்தாம் நாள் விடியும்போது வீட்டில். இதைத்தான் அவர்கள் '3 இரவு 5 நாள்' என்று விற்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 15 முதல் அவர்கள் விசா இல்லாமலே 45 நாள் தங்கலாம். சியோலைச் சுற்றியிருக்கும் மாகாணத்தின் பெயரைச் சேர்த்து 'கியோங்கி மாகாணத்து டா நாங் நகரம்' என்று அவர்கள் அழைக்கும் அளவுக்கு அது அவர்களுக்குப் பக்கத்து ஊர்.

நமக்கு அப்படியா? புதுச்சேரியிலிருந்து மீனம்பாக்கம் போக மூன்று, மூன்றரை மணி நேரம். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாக அங்கே நிற்க வேண்டும். கோலாலம்பூர் வழி என்றால் அதுவரை நான்கு மணி நேரம், அங்கே காத்திருப்பு, பிறகு மேலும் மூன்று மணி நேரம் அளவில் டா நாங். வீட்டுப் படி இறங்கியதிலிருந்து 16 மணி நேரத்துக்குக் குறையாது. காலையில் போய் இறங்கினால் ஓட்டலில் அறை கொடுப்பது பிற்பகல் 2 மணிக்குத்தான். தூக்கமில்லாத குழுவைப் பேருந்தில் வைத்துக்கொண்டு அந்த ஐந்து மணி நேரத்தை எப்படிக் கழிப்பது? கடைகளுக்கு அழைத்துப் போவார்கள். ஐந்து பகலில் இரண்டு இப்படியே கரைந்துவிடும். நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு மத்திய வியட்நாம் மட்டுமே என்றாலும் அங்கே ஐந்து இரவு வேண்டும். சைகோனையும் (இன்றைய ஹோ சி மின் நகரம்) சேர்த்தால் ஏழு. முதல் நாள் காலையிலேயே அறை வேண்டுமென்று கூடுதல் பணம் கட்டிப் பதிவு செய்தால் பயணம் முழுக்க உடம்பு ஒத்துழைக்கும். வயதானவர்கள் இருக்கும் குழுவுக்கு இது கட்டாயம் என்போம்.

கடைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விலை குறைந்த தொகுப்பில், அங்கே இறங்கியபின் ஆகும் செலவுக்கு இங்குள்ள முகவர் மிகக் குறைவாகவே பணம் அனுப்புவார். பேருந்து, வழிகாட்டி, சாப்பாடு எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டிய உள்ளூர் நிறுவனம் அந்தப் பள்ளத்தைக் கடைக் கமிஷனாலும் 'விருப்பச் சுற்றுலா' கட்டணத்தாலும் நிரப்பிக்கொள்ளும். லேடெக்ஸ் மெத்தை, அகில் கட்டை, நோனிப் பழப் பொருட்கள், புனுகுப் பூனைக் காப்பி ஆகியவைதான் வழக்கமான கடைகள். கொரியர்கள் இதில் பலமுறை சூடுபட்டவர்கள். அதனால் அவர்களது விளம்பரத்திலேயே எத்தனை கடைக்கு அழைத்துப் போவோம், எவை விருப்பச் சுற்றுலா, அவற்றுக்கு எவ்வளவு, வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் தலைக்கு எத்தனை டாலர் என்று எழுதியிருக்கும். இதற்கெல்லாம் இடமில்லாத, விலை கூடிய 'நோ டிப், நோ ஷாப்பிங், நோ ஆப்ஷன்' தொகுப்புகளும் அங்கே நன்றாக விற்கின்றன. நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த ஒளிவுமறைவின்மையை. நிரலை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டோம். முன்பணம் கட்டுமுன் மேற்சொன்ன நான்கையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது பருவம். டா நாங், ஹோய் ஆன், ஹுவே மூன்றுக்கும் பெருமழைக் காலம் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, உச்சம் அக்டோபர், நவம்பர். நம் ஐப்பசி, கார்த்திகை அடைமழை இங்கே கொட்டும்போதே அங்கேயும் கொட்டுகிறது. துபோன் ஆறு பெருகி ஹோய் ஆன் பழைய தெருக்களில் படகு ஓடும். இருந்தும் தீபாவளி விடுமுறையைக் குறிவைத்து டா நாங் தொகுப்புகள் இங்கே விற்கப்படுகின்றன. தீபாவளிக்குப் போக வேண்டுமென்றால் வட வியட்நாமில் ஹனோய், ஹா லாங், நின் பின் பக்கம் போங்கள், அங்கே அப்போது வானம் தெளிவாக இருக்கும். டா நாங்குக்கு பிப்ரவரிக் கடைசி முதல் மே வரை நல்லது. ஜூன், ஜூலையில் வெயில் நம் ஊர் போலவே காயும், ஆனால் மழை குறைவு. ஜூலைக் கடைசியும் ஆகஸ்ட் தொடக்கமும் கொரியர்களின் கோடை விடுமுறை என்பதால் ஓட்டல் விலை ஏறும். சாந்திர ஆண்டுப் பிறப்பு நாட்களைத் தவிருங்கள். கொரியர்கள் அதை 'சொல்லால்' என்பார்கள், வியட்நாமியர்கள் 'தெத்' என்பார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒரே நாளில் வரும். விலை உச்சத்தில் இருக்கும், பாதிக் கடை பூட்டியிருக்கும், விசா அலுவலகமும் மூடியிருக்கும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். இந்த நிரல்களில் மீ சோன் பெரும்பாலும் இருப்பதில்லை. ஹோய் ஆனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், அந்நாளில் அங்கே ஆண்ட சம்பா அரசர்கள் எழுப்பிய செங்கல் கோயில் தொகுதி அது. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் பத்ரவர்மன் என்ற அரசன் பத்ரேசுவரர் என்று தன் பெயரையே இறைவனுக்குச் சூட்டி முதல் கோயிலைக் கட்டினான். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆறு நூற்றாண்டு முந்தியது அந்தச் சிவத்தலம். சமஸ்கிருதக் கல்வெட்டுகளும், சம்பா மக்களின் சம் மொழிக் கல்வெட்டுகளும் அங்கே உண்டு. 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 1969 ஆகஸ்டில் அமெரிக்கக் குண்டுவீச்சில், ஆய்வாளர்கள் ஏ1 என்று குறிக்கும் உயர்ந்த கோபுரம் தரைமட்டமானது. இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே ஏ, எச், கே பகுதிகளைச் சீரமைத்தபோது, 2020 மே மாதம், 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரே கல்லாலான சிவலிங்கம் வெளிப்பட்டது. இவ்வளவும் இருக்கும் இடத்துக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் நம் ஆட்களைக் கூடைப் படகில் சுற்றவிட்டுத் திருப்பி அழைத்து வருவது எங்களுக்கு மனவேதனை தரும் காரியம்.

மீ சோனுக்குப் போகும் விதமும் முக்கியம். டா நாங்கில் தங்கி, காலை உணவு முடித்துக் கிளம்பும் குழு பத்தரை மணி வெயிலில் போய் நிற்கும். செங்கல் சூடேறி, நிழலுமின்றி, அரை மணியில் எல்லோரும் பேருந்தைத் தேடுவார்கள். அதனால் ஹோய் ஆனில் ஓர் இரவாவது தங்குங்கள். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் கூட்டம் வருமுன் உள்ளே போய்விடலாம். வாயிலிலிருந்து மின்வண்டி கோபுரங்களுக்குப் பக்கம் கொண்டுபோய் விடும். முதலில் பி, சி, டி பகுதிகளைப் பாருங்கள், ஓரளவு முழுமையாக நிற்பவை அவையே. சாந்து கண்ணுக்குத் தெரியாமல் செங்கற்கள் எப்படிப் பொருந்தி நிற்கின்றன என்பதை ஒரு சுவர் அருகே நின்று உற்றுப் பார்க்க வேண்டும். செதுக்கிய சிலைகள் பல அங்கே இப்போது இல்லை, டா நாங்கின் சம் சிற்ப அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1919இல் திறந்த அந்த அருங்காட்சியகம் டிராகன் பாலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். மீ சோனுக்கு முந்தைய நாளே இதைப் பார்த்துவிட்டால் மறுநாள் வெறும் மாடங்களைப் பார்க்கும்போது அவற்றில் என்ன இருந்தது என்பது மனத்தில் நிற்கும்.

பா நா மலையை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏறக்குறைய 5.8 கிலோமீட்டர் கம்பிவட ஊர்தியில் காட்டுக்கு மேல் போவது குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். தங்கப் பாலம் 2018இல் திறந்தது, 150 மீட்டர் நீளம். ஆனால் நுழைவுக் கட்டணமே நம் பணத்தில் 3,000 ரூபாய்க்கு மேல். தொகுப்பில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காலை எட்டு மணிக்குள் அடிவாரத்தில் இல்லாவிட்டால் பாலத்தில் தலைகள்தான் தெரியும். மேலே மூடுபனியும் குளிரும் இருக்கும், பெரியவர்களுக்கு ஒரு கம்பளிச் சட்டை எடுத்துப் போங்கள்.

கொரியர்களின் பயணத்திலும் இப்படி விட்டுப்போகும் ஒன்று உண்டு. டா நாங்குக்கும் ஹோய் ஆனுக்கும் நடுவே போங் நீ, ஹா மி என்ற ஊர்களில் 1968 பிப்ரவரியில், வியட்நாம் போருக்கு வந்திருந்த கொரியப் படையினர் பொதுமக்களைக் கொன்றார்கள். போங் நீ வழக்கில் கொரிய அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று சியோல் நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. சுற்றுலாப் பேருந்துகள் அந்த வட்டாரத்தைக் கடந்து போய்விடும். ஆனாலும் அங்குள்ள நினைவிடங்களுக்கென்றே சிறு குழுக்களாக வந்து தலைவணங்கிப் போகும் கொரியர்கள் இருக்கிறார்கள். தங்கள் மக்களின் சரித்திரம் அந்த மண்ணில் எங்கே பதிந்திருக்கிறது என்று தேடிப் போகும் பயணம் அது.

புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தச் சரித்திரம் சைகோனில் இருக்கிறது. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் பலர் வியட்நாமை உள்ளடக்கிய பிரெஞ்சு இந்தோசீனாவில் அரசு வேலை பார்த்தார்கள். இன்றும் புதுச்சேரியில் சில வீடுகளில் விருந்தென்றால் 'நெம்' என்ற வியட்நாமியச் சுருளைப் பொரிப்பது அங்கிருந்து வந்த பழக்கம். பென் தான் சந்தையிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், துருவோங் டின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. வியட்நாமியர்களே நாள்தோறும் வந்து ஊதுவத்தி ஏற்றி, கற்சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். தோன் தாத் தியெப் தெருவில் நகரத்தார் கட்டிய தெண்டாயுதபாணி கோயில். டோங் டூ தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல். மூன்றையும் பார்க்க அரை நாள் போதும். திருச்சியிலிருந்து சைகோனுக்கு 2023 நவம்பரில் நேரடி விமானம் தொடங்கியது. அட்டவணை அடிக்கடி மாறுவதால் பதிவு செய்யும் வாரத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அது கிடைத்தால் சைகோனில் இறங்கி, உள்நாட்டு விமானத்தில் டா நாங் போய் வருவதே நமக்கு வசதி.

சாப்பாட்டில், சைவம் உண்பவர்கள் கவனிக்க வேண்டியது மீன் சாறு. காய்கறி வதக்கலிலும் அதை ஊற்றுவார்கள். நூடுல்ஸ் சூப்பில் காய் மட்டும் மிதந்தாலும் அடியில் இருப்பது எலும்புச் சாறு. 'வெஜிடபிள்' என்று கேட்டால் பலனில்லை, 'அன் சாய்' என்று கேட்க வேண்டும். பௌத்தர்கள் அசைவம் தவிர்த்து உண்பதற்கு அங்கே அதுதான் பெயர். சாந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, பலர் அன் சாய் உண்பதால் அந்நாட்களில் சைவம் எளிதாகக் கிடைக்கும்.

விசாவில் நம்மவர்கள் இடறுவது பெயரில். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது தமிழர்களிடம் சாதாரணம். முகவர் தன் விருப்பத்துக்குத் தகப்பனார் பெயரை அங்கே போட்டுவிட்டால் பாஸ்போர்ட்டும் விசாவும் ஒத்துப்போகாது, சென்னையிலேயே நிறுத்திவிடுவார்கள். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் உள்ள இரண்டு வரியில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே நிரப்ப வேண்டும். இ-விசா ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், பலமுறை நுழைவுக்கு 50 டாலர். மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. கம்போடியாவின் அங்கோர்வாட் போய்விட்டு மீண்டும் வியட்நாம் வருகிறவர்களுக்குப் பலமுறை விசாதான் தேவை. இணைய முகவரி '.gov.vn' என்று முடியாவிட்டால் அது அரசுத் தளம் அல்ல. மூன்று வேலை நாள் என்று சொல்வார்கள், மூன்று வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். வழியில் மாறி ஏறும் இரண்டு விமானங்களையும் தனித்தனி டிக்கெட்டாகப் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அப்படியானால் நடுவழியில் குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

பணத்தில் ஒன்று: 20,000 டாங் தாளும் 5,00,000 டாங் தாளும் இரண்டுமே நீலம். இரவுச் சந்தையில் மாற்றிக் கொடுத்துவிட்டால் திரும்ப வராது. இரண்டையும் பர்ஸில் வேறு வேறு அறையில் வையுங்கள்.

எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வியட்நாமின் 2017ஆம் ஆண்டுச் சுற்றுலாச் சட்டப்படி அங்கே வழிகாட்டியாக இருக்க அந்நாட்டுக் குடிமகனாக இருந்து உரிமம் பெற்றிருக்க வேண்டும். கூடப்போகும் நம் ஆள் கோயிலுக்குள் நின்று தமிழில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே புறப்படும் முன்பே குழுவினரை ஒரு மாலை உட்காரவைத்து, மீ சோன் வரைபடத்தையும் அருங்காட்சியகச் சிற்பங்களையும் காட்டி, நான்கு பக்கத்தில் தமிழில் ஒரு கையேடு கொடுத்து அனுப்புங்கள். அச்சடிக்க ஆகும் செலவு ஓர் ஆளுக்கு ஒரு தேநீர் விலைதான்.

இப்படிக்கு,
வியட்நாம் பயண ஏற்பாட்டாளர்கள் சிலர்,
புதுச்சேரி.