ஆடி விடுமுறைக்கு நோட்டு வேண்டாம், தேங்காய் போதும்

சேலம் மாநகர மழலையர் பள்ளித் தாளாளர்களுக்கும் ஆசிரியைகளுக்கும்,

வணக்கம்.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு மாவட்டம் முழுக்க உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். அலுவலகங்களுக்கு விடுமுறை, பள்ளிகளுக்கு விடுமுறை, பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. எங்கள் தெருவில் மூன்றரை வயதுக் குழந்தை ஒன்றுக்கு, அந்த ஒரு நாளில் 'அ' முதல் 'ஊ' வரை பக்கத்துக்கு ஓர் எழுத்தாக எழுதி வரும்படி டைரியில் குறித்து அனுப்பியிருந்தார்கள். தெருவில் மேளச் சத்தம். வீட்டுக்குள் குழந்தையின் கையைப் பிடித்துத் தாயே எழுதிக்கொண்டிருந்தாள். எழுதியது யார் என்று பார்த்த மாத்திரத்தில் ஆசிரியைக்கும் தெரியும். ஆனாலும் சிவப்பு மையில் 'குட்' விழுந்துவிடும்.

ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்களிடமிருந்து வந்த பிள்ளைகள் பலர் 'ஆனா, ஆவன்னா' என்று தங்குதடையின்றி ஒப்பிப்பார்கள். 'அவல் எந்த எழுத்தில் தொடங்குகிறது?' என்று கேட்டால் விழிப்பார்கள். எழுத்தின் பெயர் தெரியும்; அது வாயில் எழுப்பும் ஒலி தெரியாது. மூன்று, நான்கு வயதில் மணிக்கட்டு எலும்புகள்கூட முழுதாக உருவாகியிருக்காது. காதோ அந்த வயதில்தான் எதையும் அள்ளிக்கொள்ளும். கையை விட்டுவிட்டுக் காதைப் பிடியுங்கள் என்பதே என் வேண்டுகோள். (திருகுவதற்கு அல்ல.)

ஜூனில் பள்ளி திறந்தால் நமக்கு முதலில் வரும் பெரிய பண்டிகை ஆடிதான். ஆடி முதல் நாள் தேங்காய் சுடுவது நம் பக்கத்துக்கே உரிய வழக்கம். தேங்காயின் நார் போகத் தரையில் தேய்த்து, கண்ணைத் துளைத்து, அவல், அரிசி, பாசிப்பருப்பு, எள், வெல்லம் எல்லாம் திணித்து, சீவிய அழிஞ்சிக் குச்சியில் செருகி நெருப்பில் வாட்டுகிறோம். இந்தப் பட்டியலை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அவல், அரிசி, அழிஞ்சி. 'அ' தானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலேயே ஆடி என்று 'ஆ' நிற்கிறது. குறிலும் நெடிலும் ஒரே பண்டிகையில் கிடைக்கும்போது அம்மா, ஆடு படம் போட்ட அதே பழைய அட்டையை ஏன் சுவரில் மாட்ட வேண்டும்?

விளையாட்டுக்கு இரண்டு கொட்டாங்குச்சி போதும். ஒன்றில் சாக்பீஸால் 'அ', மற்றொன்றில் 'ஆ'. வட்டமாக உட்கார்ந்து பாட வேண்டியது இது:

அவலை அள்ளு, அரிசி அள்ளு,
அழிஞ்சிக் குச்சி அங்கே தள்ளு!
ஆடி வந்தால் ஆட்டம் உண்டு,
ஆறிய பின்னே ஆளுக்குத் துண்டு!

முதல் இரண்டு அடியில் 'அ' வரும்போதெல்லாம் ஒரு சின்னக் கைதட்டல். அடுத்த இரண்டில் 'ஆ' வரும்போது இரு கையையும் அகல விரித்து நீட்டிச் சொல்ல வேண்டும். நெடில் என்றால் நீளம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை, கையே சொல்லிவிடும். மறுநாள் ஆசிரியை வேண்டுமென்றே பிசக வேண்டும்: 'அவலை அள்ளு, பருப்பை அள்ளு.' பிள்ளைகள் 'இல்லை!' என்று கத்துவார்கள். அந்தக் கத்தல் வந்த பிறகுதான் அவலைக் கையில் கொடுத்து, உரிய கொட்டாங்குச்சியில் போடச் சொல்ல வேண்டும்.

இந்தக் கடைசிப் படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். லினெட் பிராட்லி, பீட்டர் பிரையண்ட் என்ற இருவர் செய்த ஆய்வு 1983இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. நான்கு, ஐந்து வயதில் சொற்களை ஒலியால் இனம் பிரிக்கத் தெரிந்த பிள்ளைகள் பின்னால் வாசிப்பிலும் முந்தியிருந்தார்கள். ஒலிப் பயிற்சியோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் கொடுத்துப் பழக்கிய குழுவே எல்லாரையும்விட நன்றாகத் தேறியது. பாட்டு மட்டும் பாடிவிட்டு எழுந்து போனால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

அந்த ஆய்வு ஆங்கிலப் பிள்ளைகளைப் பற்றியது. ஆங்கிலப் பாட்டுகளில் ஒலி ஒத்துவருவது பெரும்பாலும் அடியின் கடைசியில். நமக்கோ மோனை என்று முதல் எழுத்திலேயே ஒரு கட்டு இருக்கிறது. எழுத்தொலி கற்றுக்கொடுக்க இதைவிட வசதி என்ன வேண்டும்? இதை வைத்துக்கொண்டு, பனிப்பொழிவே இல்லாத சேலத்தில் டிசம்பர் வந்தால் பனிமனிதனுக்கு வண்ணம் தீட்டச் சொல்கிறீர்கள். கிறிஸ்துமஸுக்குக் குடில் இருக்கிறதே! குடில், குழந்தை, குட்டி ஆடு: மூன்று பொம்மை, ஒரே 'கு'.

ஆடித் திருவிழாவில் எங்கள் குகைப் பகுதியில் தெய்வ வேடமிட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வரும் 'வண்டி வேடிக்கை'யைப் பார்க்காத பிள்ளை உங்கள் வகுப்பில் அநேகமாக இருக்காது. நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் அதுவே வண்டி. வளையல், வடை, வண்ணத்தாள் கொண்டுவந்தவர் 'வ' வண்டியில் ஏறலாம். வேப்பிலை, வேல், வேடம் எல்லாம் 'வே' வண்டியில். ஏற்காட்டுப் பள்ளிகளுக்கு மே மாத மலர்க் கண்காட்சி இருக்கிறது: மலர், மலை, மரம், மழை. சில்வர் ஓக் மரத்தில் படரும் மிளகையும் ஒரு பிடி உதிர்த்து வைத்தால் 'மி' வந்துவிடும்.

சொல் தேர்வில் மட்டும் கவனம் தேவை. நம் 'ப' வல்லெழுத்து. ஆனால் பலூன், பஸ், பொம்மை என்று சொல்லும்போது ஆங்கில 'b' போன்ற வேறு ஒலி எழுகிறது. அட்டைகளில் 'ப' என்று போட்டுப் பலூன் படம் வரைவது பிள்ளையைக் குழப்பும். பொங்கலோடு பொரியையும் பொட்டையும் சேர்க்கலாம், பொம்மையைச் சேர்க்க வேண்டாம். ரமலானுக்குப் பிறையோடு பிரியாணியையும் சேர்க்க எனக்கும் ஆசைதான். ஒலி ஒத்துவரவில்லை, வகுப்பில் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

சொல்லின் நடுவில் வரும் எழுத்துகளுக்கு இந்த வயதில் போக வேண்டாம். கல்லில் வரும் 'க' வேறு, பகலில் வரும் 'க' வேறு. 247 எழுத்தையும் வரிசையாக முடிக்க வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். எஃகு ஆலை உள்ள ஊர் என்றாலும் ஆய்த எழுத்து காத்திருக்கும்.

நம் ஊரில் வீட்டில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசிவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் நிறைய. சுட்ட தேங்காயின் வாசனை அவர்களுக்கும் தெரியும். தெரிந்த பொருளுக்குத் தமிழ்ச் சொல்லும் அதன் முதல் ஒலியும் சேர்ந்து வருவது அவர்களுக்கே அதிகம் உதவும்.

'பெற்றோர் நோட்டைக் கேட்கிறார்களே' என்பீர்கள். கேட்கிறார்கள்தான். கட்டணம் கட்டியதற்குக் கண்ணால் காணும் சாட்சி நோட்டு ஒன்றுதானே. வரும் ஆடி முதல் தேதிக்கு முன்பு அவர்களைக் கால் மணி நேரம் வகுப்பில் உட்காரவைத்து இந்த விளையாட்டைக் காட்டுங்கள். பிறகு டைரியில் இவ்வளவு மட்டும் எழுதி அனுப்புங்கள்: 'நாளை வீட்டில் தேங்காய் சுடும்போது, அ-வில் தொடங்கும் பொருள்களைக் குழந்தையே எடுத்துக்கொடுக்கட்டும். எழுத வேண்டாம்.'

பாட்டை அப்படியே அச்சிட்டுக்கொள்ளலாம். இதைவிட நல்லதாக உங்கள் ஆசிரியைகள் கட்டினால் எனக்கும் ஒரு படி அனுப்பிவையுங்கள், பேத்திக்கு வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
குகை, சேலம்