திருத்தமும் எல்லா மொழிகளுக்கும் போய்ச் சேரட்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்துகொண்டிருக்கும் உங்கள் இணைய இதழ் இனி மேலும் நான்கு மொழிகளில் வரப்போகிறது என்ற அறிவிப்பைப் படித்தேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. நான் ஒன்பது வருடம் ஒரு பன்மொழி இணைய இதழின் தமிழ்ப் பிரிவில் வேலை பார்த்தவள். ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவதும், மற்றவர்கள் தமிழாக்கியதைப் பார்த்துச் சரிசெய்வதும் என் பொறுப்பு. நான் சேர்ந்தபோது அங்கே மூன்று மொழிகள், விலகியபோது எட்டு. அந்த வளர்ச்சியை உள்ளே உட்கார்ந்து பார்த்தவள் என்பதால், நீங்கள் தொடங்குவதற்கு முன்பே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட நினைக்கிறேன். ஒரு செய்தி எத்தனை மொழிகளுக்குப் போகிறதோ, அத்தனை மொழிகளுக்கும் அதன் திருத்தமும் போக வேண்டும். அதற்கான ஏற்பாட்டை முதல் நாளே செய்து வையுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடப்பதில்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு தொலைபேசி அழைப்பு.

ஒரு நாள் காலையில் ஒரு திருட்டு வழக்குச் செய்தி ஆங்கிலப் பிரிவிலிருந்து வந்தது. காவல்துறை பிடித்து விசாரிப்பதாக மூன்று பேரின் பெயர்கள் அதில் இருந்தன. நான்தான் மொழிபெயர்த்தேன். அரை மணி நேரத்தில் தமிழில் ஏற்றினோம், மற்ற மொழிகளிலும் ஏறியது. மதியத்துக்குள் அந்த மூவரில் ஒருவருக்கு வழக்கோடு சம்பந்தமே இல்லை, பெயர் ஒன்றாக இருந்ததால் வந்த குழப்பம் என்று தெரிந்து அவரை அனுப்பிவிட்டார்கள். ஆங்கிலப் பிரிவு உடனே பெயரை நீக்கியது, செய்தியின் அடியில் திருத்தக் குறிப்பும் போட்டது. அவர்கள் வரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார்கள். எங்களுக்கு மட்டும் தகவல் வரவில்லை.

பதினொரு நாள் கழித்து ஒரு பெண் அலுவலகத்துக்கு அழைத்தார். அழைப்பு என்னிடம் வந்தது. "அம்மா, என் தம்பி பேரு இன்னும் உங்க பக்கத்துல இருக்கு. இங்கிலீஷ்ல எடுத்துட்டீங்க, பார்த்தோம். ஆனா எங்க சொந்தக்காரங்க யாரும் இங்கிலீஷ்ல படிக்கிறதில்லையே" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. தமிழில் அந்தப் பெயரை எடுக்க எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. மற்ற மொழிகளில் எடுத்து முடிக்க மாலையாகிவிட்டது. ஒரு மொழியில் அந்த வேலையைச் செய்ய வேண்டியவர் விடுப்பில் இருந்தார், அவருடைய கணக்கின் கடவுச்சொல் வேறு யாரிடமும் இல்லை. அந்தப் பதினொரு நாளில் அந்தத் தம்பியின் பெயர் எத்தனை பேர் கைபேசிக்குப் போயிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன். அதைத் தட்டச்சு செய்தது என் கை.

யார் மேலும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அலுவலகத்தில் யாருமே சோம்பேறி கிடையாது. ஏற்பாடு அப்படி இருந்தது. ஆங்கிலச் செய்தி முடிந்ததும் அதன் பிரதி ஒன்று எல்லா மொழிப் பிரிவுகளுக்கும் வரும். வந்த அந்த நிமிடத்தோடு மூலத்துக்கும் பிரதிக்கும் உள்ள உறவு அறுந்துவிடும். அதற்குப் பிறகு மூலத்தில் ஓர் எண் மாறினாலும், ஒரு பெயர் நீக்கப்பட்டாலும், தலைப்பே தலைகீழானாலும் எங்கள் திரையில் ஒன்றும் தெரியாது. நாங்கள் எந்த நேரத்துப் பிரதியை வைத்து மொழிபெயர்த்தோம் என்ற பதிவுகூட இருக்காது. அச்சு இதழில் செய்தி அச்சானதும் முடிந்துவிடும், திருத்தம் மறுநாள் வரும். இணையச் செய்தி ஒரு நாளில் ஆறேழு தடவை மாறுகிறது. காலை 7 மணிக்கு எடுத்த மொழிபெயர்ப்பு, காலை 7 மணி நிலவரத்தோடு அப்படியே உறைந்து நிற்கிறது.

இதற்கு வழி இருக்கிறது, பெரிய செலவும் கிடையாது. மொழிபெயர்ப்பு ஒவ்வொன்றோடும் அது மூலச் செய்தியின் எந்தப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பது சேர்ந்தே பதிவாக வேண்டும். மூலத்தைத் திருத்துபவர் சேமிக்கும்போதே, இது எழுத்துப்பிழையா தகவல் பிழையா என்று மென்பொருள் கேட்க வேண்டும். தகவல் பிழை என்றால் எல்லா மொழிப் பிரிவுகளின் திரையிலும் அது மேலே வந்து நிற்க வேண்டும். உரியவர் இல்லையென்றால், குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு அந்த மொழிப் பக்கத்தின் தலையில் "இந்தச் செய்தியின் மூல வடிவம் திருத்தப்பட்டுள்ளது, இந்தப் பக்கம் இன்னும் புதுப்பிக்கப்படவில்லை" என்று தானாகவே ஒரு வரி வர வேண்டும். ஆள் பெயர், குற்றச்சாட்டு, மருந்தின் அளவு, கடைசித் தேதி சம்பந்தப்பட்ட திருத்தம் என்றால் இன்னும் ஒரு படி மேலே போய், யாராவது பார்க்கும்வரை பக்கத்தையே நிறுத்தி வைக்கலாம் என்பது என் கருத்து. மற்ற ஆசிரியர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும். அந்தத் தொலைபேசியை எடுத்தவள் நான் என்பதால் இப்படி நினைக்கிறேன்.

இப்போது ஒரு இதழ் மொழிகளைக் கூட்டுவது எவ்வளவு சுலபம் என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியாக்கம். எழுத்துருவை இறக்கிக்கொண்டால்தான் படிக்க முடியும், இல்லாவிட்டால் திரை முழுக்கப் புரியாத குறிகள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கம் யூனிகோட். 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தும், தளங்கள் எல்லாம் யூனிகோடுக்கு மாறிவர வருடக்கணக்கில் ஆயிற்று. மாறிய பிறகுதான் ஒரே தளத்தில் தமிழும் இந்தியும் அரபியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடிந்தது, தேடினால் கிடைத்தது. அப்புறம் 2011இல் கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தது. ஆரம்பத்தில் அது தந்த வாக்கியங்கள் முட்டி மோதி நிற்கும், பிழை தானாகவே கண்ணில் குத்தும். 2017இல் வாக்கியத்தை முழுதாக எடுத்து மொழிபெயர்க்கும் நரம்பியல் வலையமைப்பு முறைக்கு மாறிய பிறகு வாக்கியம் வழுக்கிக்கொண்டு போக ஆரம்பித்தது. வேலை குறைந்தது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் சரளமான வாக்கியத்துக்குள் இருக்கும் பிழையைப் பிடிப்பது கரடுமுரடான வாக்கியத்தில் பிடிப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம். "செய்ததாகக் கூறப்படுகிறது" என்பது "செய்தார்" என்று மாறியிருக்கும், படிக்க அழகாக இருக்கும். ஒரு பில்லியன் என்பது 100 கோடி. அது பத்துக் கோடியாகவோ ஆயிரம் கோடியாகவோ மாறி உட்கார்ந்திருப்பதை மாலை நேரத்துக் கண் தாண்டிப் போய்விடும்.

தமிழுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. நம் மொழியில் இல்லை, அல்ல, மாட்டாது எல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். ஆங்கிலத்தில் மறுப்பு முன்னாலேயே வந்துவிடுகிறது. கைபேசிக்குப் போகும் அறிவிப்பில் இத்தனை எழுத்துதான் தெரியும் என்று ஓர் அளவு இருக்கிறது, மீதி வெட்டுப்பட்டுப் புள்ளிகளாகிவிடும். அந்த அளவை ஆங்கிலத்துக்குப் பார்த்து வைத்துவிட்டு எல்லா மொழிக்கும் அதையே போட்டார்கள். "பள்ளிகளுக்கு நாளை விடுமுறை இல்லை" என்று நாங்கள் அனுப்புவோம், வாசகர் கையில் "பள்ளிகளுக்கு நாளை விடுமுறை" என்று போய் நிற்கும். குறுஞ்செய்தி காலத்திலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து, யூனிகோடில் அனுப்பினால் 70. அதிலும் "மூன்று" என்ற மூன்றெழுத்துச் சொல்லைக் கணினி ஆறாக எண்ணும். நாங்களாகவே ஒரு விதி வைத்துக்கொண்டோம். மறுப்புச் செய்தி என்றால் "விடுமுறை இல்லை: பள்ளிகள் நாளை வழக்கம்போல் இயங்கும்" என்று மறுப்பை முன்னால் இழுத்துப் போடுவது. உங்கள் தமிழ்ப் பிரிவினரும் இப்படித்தான் ஏதாவது செய்து வைத்திருப்பார்கள். மென்பொருள் செய்பவர்களை அவர்களோடு ஒரு நாள் உட்கார வையுங்கள்.

உறவுச் சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் கசின் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். சித்தப்பா மகளா, அத்தை மகளா, பெரியம்மா மகனா, மாமா மகனா என்று தெரியாமல் தமிழில் எழுத முடியாது. சித்தப்பா மகளும் பெரியம்மா மகனும் நமக்கு உடன்பிறப்பு முறை, அத்தை மகளும் மாமா மகனும் அப்படி அல்ல. செய்தியாளரை அழைத்துக் கேட்டால் "அதெல்லாம் முக்கியமா?" என்பார். முக்கியம்தான். ஊகித்து எழுதிவிட்டால் அது மொழிபெயர்ப்பில் புதிதாகப் பிறந்த பிழை, மூலத்தில் இல்லாதது. மூலத்தைத் திருத்தினாலும் அது திருந்தாது. ஆக, திருத்தம் ஒரு பக்கமாக மட்டும் ஓடினால் போதாது. மொழிப் பிரிவில் இருப்பவர் செய்தியாளரைக் கேட்கவும், கேட்டதற்குப் பதில் வாங்கவும் உரிமை வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. எங்கள் தமிழ்ப் பிரிவு தானே எழுதிய செய்திகளில் எப்போதாவது ஒன்றை மற்ற மொழிகள் எடுத்துக்கொள்ளும். ஒரு முறை ஒரு மருத்துவரைப் பற்றிய கட்டுரை. தமிழில் "அவர் சொன்னார்" என்று மரியாதையாக எழுதியிருந்தோம், ஆணா பெண்ணா என்பது அந்தச் சொல்லில் தெரியாது. இயந்திரம் ஆங்கிலத்தில் அவரை ஆணாக்கியது. ஆங்கிலத்திலிருந்து இந்திக்குப் போனபோது அங்கே வினைச்சொற்களும் ஆண்பாலில் வந்தன. அவர் ஐம்பது வயதுப் பெண்மணி. கட்டுரைக்காக எங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பேசியவர். தமிழ்ப் பக்கம் சரியாக இருந்தது, பிழை இரண்டு மொழிகள் தள்ளிப் போய்ப் பெருகியிருந்தது. அதைக் கண்டுபிடித்தது அந்த மருத்துவரின் மகள்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த முன்மாதிரி குளோபல் வாய்சஸ் என்ற இணையச் செய்தித் தளம். 2004இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, தன்னார்வலர்கள் பல மொழிகளில் மொழிபெயர்க்கிறார்கள். அங்கே மொழிபெயர்ப்பின் மேலேயே எழுதியவர் பெயரும் மொழிபெயர்த்தவர் பெயரும் இருக்கும், மூலக் கட்டுரைக்கு இணைப்பும் இருக்கும். ஆங்கிலம் அல்லாத மொழிகளில் முதலில் எழுதப்பட்டு, பிறகு ஆங்கிலத்துக்குப் போகும் கட்டுரைகளும் உண்டு. வாசகருக்குச் சந்தேகம் வந்தால் ஒரு சொடுக்கில் மூலத்தைப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் இதழில் "நமது செய்தியாளர்" என்பதோடு முடிந்துவிடும். அந்தத் தம்பியின் செய்தியில் என் பெயர் இருந்திருந்தால், அவருடைய அக்கா பதினொரு நாள் காத்திருக்காமல் முதல் நாளே என்னைத் தேடிப் பிடித்திருப்பார். என் பெயர் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இணையப் பக்கங்களில் விளம்பரம் போட்டுப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் இந்திக்கு 2014 கடைசியில் வந்தது, தமிழுக்கு 2018 பிப்ரவரியில்தான் வந்தது. அந்த இடைவெளியில் வாசகர் எத்தனை பேர் இருந்தாலும் தமிழ்ப் பக்கத்துக்கு அந்த வழியில் வருமானம் கிடையாது. ஆகவே எந்த மொழிக்கு ஆள் போடுவது என்பதை விளம்பரமும் சேர்ந்தே முடிவு செய்கிறது, அது எனக்குப் புரிகிறது. பெரிய இதழ்களே மொழிகளை மூடியிருக்கின்றன. நியூயார்க் டைம்ஸ் 2016இல் தொடங்கிய ஸ்பானிய மொழிப் பதிப்பை 2019இல் நிறுத்தியது. ஸ்பெயினின் எல் பாயீஸ் நாளிதழ் 2013இல் தொடங்கிய போர்ச்சுகீசிய மொழி பிரேசில் பதிப்பு 2021இல் முடிந்தது. நாளைக்கு உங்களுடைய நான்கு மொழிகளில் ஒன்று ஓடாமல் போகலாம், அதில் தவறில்லை. ஆனால் ஒரு மொழிப் பதிப்பை நிறுத்தினாலும் அதன் பழைய பக்கங்கள் தேடுபொறியில் கிடைத்துக்கொண்டே இருக்கும், அவற்றில் ஆட்களின் பெயர்கள் இருக்கும். பிரிவைக் கலைத்த பிறகு அந்தப் பக்கங்களைத் திருத்துவது யார் பொறுப்பு என்பதைத் தொடங்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள். எங்கள் இதழில் எட்டு மொழிகளில் இரண்டை நிறுத்தப்போவதாகச் சொன்னபோது அந்தக் கேள்வியைக் கேட்டேன். பதில் வருவதற்கு முன்பே நான் விலகிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. இந்தக் கடிதம் எழுதுவதற்கு முன் உங்கள் இரண்டு பக்கங்களையும் அடுத்தடுத்துத் திறந்து பார்த்தேன். ஆங்கிலச் செய்திகளின் அடியில் "பிழையைத் தெரிவிக்க" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் சின்னப் படிவம் வருகிறது, நன்றாக இருக்கிறது. தமிழ்ச் செய்திகளின் அடியில் பகிர்வதற்கு நான்கு பொத்தான்கள் இருக்கின்றன, இது மட்டும் இல்லை. புது மொழிகள் வருவதற்குள் தமிழில் அதைப் போட்டுவிடுங்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். படிவம் நிரப்பத் தெரியாதவர்களும் உங்கள் இதழைப் படிக்கிறார்கள்.

அன்புடன்,
முன்னாள் செய்தி மொழிபெயர்ப்பாளர்,
உங்கள் நெடுநாள் வாசகி